காரை நிறுத்திவிட்டு நடந்தால்தான் கேமரன் மலை

கேமரன் மலைக்குப் போய் வந்தோம் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி, "ஸ்ட்ராபெரி வாங்கினீங்களா?" இரண்டாவது கேள்வி, "ஜாம் எப்படி?" இந்த ஜாம் ரொட்டியில் தடவுவது இல்லை. பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் சந்தை வரைக்கும் கார்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்குமே, அது. சின்ன வயதிலிருந்து ஏழெட்டு முறை நான் அங்கே போயிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், அதில் பாதி நேரம் முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த முறை நானும் கணவரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். தானா ராத்தாவில் அறை எடுப்பது. காரை அங்கேயே நிறுத்திவிடுவது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பழைய இடங்களாகப் பார்த்து நடப்பது.

"பழைய இடமா? கேமரன் மலையிலா?" என்று வானொலி நிலையத்தில் சிரித்தார்கள். நியாயமான சிரிப்புதான். பழமை என்றால் நமக்குக் கடாரமும் பூஜாங் பள்ளத்தாக்கும். இல்லையென்றால் மலாக்கா. இந்த மலையில் உள்ள கட்டடம் எதுவும் இன்னும் நூறு வயதைத் தொடவில்லை.

ஆனால் என் கணவருக்கு வேறு கணக்கு இருந்தது. அவருடைய பாட்டி, அப்பாவைப் பெற்றவர், இந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அங்கேயே கொழுந்து பறித்து, கல்யாணம் கட்டி, பிறகு கிள்ளானுக்கு இறங்கியவர். பாட்டி இப்போது இல்லை. எந்தத் தோட்டம் என்று கேட்டால் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். "நடந்து பார்த்தா ஏதாவது தெரியும்" என்றார் இவர். காரில் போனால் தெரியாதது நடந்தால் மட்டும் எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மேலே ஏற இரண்டு வழி. ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து வருவது அகலமான புதுச் சாலை. நாங்கள் தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையைப் பிடித்தோம். வளைவு வளைவாக வயிற்றைக் கலக்கும் சாலைதான். பிள்ளைகளோடு போகிறவர்கள் லாத்தா இஸ்கண்டார் அருவியில் ஒரு பத்து நிமிடம் நிறுத்திக் காற்று வாங்கிக்கொள்வது நல்லது. ஆனால் மலையின் கதை இந்தச் சாலையில்தான் இருக்கிறது.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் இந்த மலைத்தொடருக்குள் அலைந்து ஒரு மேட்டுநிலத்தைக் கண்டார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், அளவையாளரான அவரே தான் கண்ட இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறித்துவைக்காமல் போய்விட்டார். 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் இதை மலைவாசத் தலமாக்கும் வேலை சூடுபிடித்தது. செமாய் பூர்வகுடி மக்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே இங்கு வாழ்ந்துவந்தார்கள். அவர்களுக்கு இங்கே 'கண்டுபிடிக்க' ஒன்றும் இருக்கவில்லை. தாப்பா சாலை வந்த பிறகு துரைமார்களின் விடுமுறை பங்களாக்கள், பள்ளிக்கூடம், கோல்ஃப் திடல் எல்லாம் பின்னாலேயே வந்தன. கூடவே தேயிலையும் வந்தது.

தானா ராத்தா என்றால் மலாய் மொழியில் சமநிலம். பெயருக்கு ஏற்ற இடம். கடைவீதி முழுவதையும் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். இங்கிருந்து காட்டுக்குள் போகும் பாதைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் மாலை காலைத் தளர்த்திக்கொள்ள நான்காம் எண் பாதையில் பாரிட் அருவிக்குப் போனோம். சின்ன நடை, சின்ன அருவி, பெரிய குப்பை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள்தான் உண்மையான நடை.

ராபின்சன் அருவிக்குப் போகும் ஒன்பதாம் எண் பாதையிலிருந்து 9ஏ என்று ஒரு கிளை பிரிகிறது. ஒன்பது செங்குத்தாக இறங்கி மின்நிலையத்துக்குப் போகும், முட்டிக்கு ஆகாது. 9ஏ கொஞ்சம் இரக்கமுள்ளது. காட்டைக் கடந்து, காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே போ தேயிலைத் தோட்டத்துச் சாலையில் கொண்டுபோய் விடும். மழை பெய்த மறுநாள் வழுக்கும், அட்டை ஏறும். தனியாகப் போக வேண்டாம். புறப்படும் முன் விடுதியில் பாதை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மண்சரிவுக்குப் பிறகு சில நேரம் மூடிவிடுவார்கள்.

காட்டை விட்டு வெளியே வந்ததும் பிளாஸ்டிக் கூடாரங்கள். கூடாரத்துக்குள் தக்காளி, கீரை, பூ. அதையும் தாண்டி ஒரு வளைவு திரும்பியதும் தேயிலை தொடங்குகிறது. 'போ' என்று பெயர் வைத்துக்கொண்டு ஊரையெல்லாம் 'வா' என்று அழைக்கும் தோட்டம்!

காரில் இதே சாலையில் வந்திருக்கிறேன். அப்போது தெரிந்தது பச்சை நிறம், அவ்வளவுதான். நடக்கும்போது செடி தெரிகிறது. இடுப்பு உயரத்துக்கு மேசை போல மட்டமாக வெட்டிய தழை. குனிந்து கீழே பார்த்தால் அது செடியே இல்லை, மரம். முறுக்கிக்கொண்ட, பாசி பிடித்த, மணிக்கட்டைவிடத் தடித்த அடிமரம். வெட்டாமல் விட்டால் தேயிலை தென்னைக்குப் போட்டியாக வளராவிட்டாலும் வீட்டுக் கூரைக்கு மேல் போய்விடும். கொழுந்து கைக்கு எட்டவேண்டும் என்பதற்காகத் திரும்பத் திரும்ப வெட்டி அதைச் செடியாகவே வைத்திருக்கிறார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் தேயிலை நூறு ஆண்டுக்கு மேலும் பலன் தரும். அப்படியென்றால், இந்த மலையில் நாங்கள் தேடி வந்த பழைய சின்னம் இதுதான். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இல்லை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை துளிர் விட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறது.

இந்தத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற தொழிலதிபர், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய மில்ன் என்பவரோடு சேர்ந்து ஆரம்பித்தார். உலகப் பொருளாதாரம் கவிழ்ந்த அதே ஆண்டு! ரஸ்ஸல் 1933-இல் இறந்துபோனார். குடும்பத்தார் விடாமல் நடத்தினார்கள். இன்று மலேசியாவில் விளையும் தேயிலையில் பெரும்பங்கு இவர்களுடையது. 1933-இல் தொடங்கிய பாரத் நிறுவனம் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தினுடையது. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா வரும் வழியில் கேமரன் வேலி என்ற பெயர்ப்பலகையோடு நீங்கள் நிறுத்திப் படம் எடுக்கும் சரிவு அவர்களுடையதுதான்.

காட்டை அழித்து இந்தச் சரிவுகளை உருவாக்கிய கதையில் ஒரு நீராவி உருளையும் கோவேறு கழுதைகளும் தவறாமல் வரும். அதோடு 'தொழிலாளர்கள்' என்று ஒரே ஒரு சொல்லும் வரும். கழுதைக்கும் உருளைக்கும் நடுவே வரும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். கங்காணி கூட்டிவந்தவர்கள், கீழே ரப்பர்த் தோட்டத்திலிருந்து மேலே ஏறியவர்கள். 1938-இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு கங்காணியின் கப்பல் வரவில்லை. இருந்தவர்கள் இங்கேயே வேர்விட்டார்கள். ஜப்பானியர் காலம், அது முடிந்து மூன்றே ஆண்டில் அவசரகாலம், அதற்கு இடையிலும் தழை துளிர்த்துக்கொண்டேதான் இருந்திருக்கும். யாரோ பறித்துக்கொண்டேதான் இருந்திருப்பார்கள்.

வானொலிக்காரி என்பதால் எனக்குக் கண்ணுக்கு முன் காது வேலை செய்யும். தோட்டத்தில் பாட்டும் பேச்சுமாகக் கூடை சுமந்த பெண்கள் வரிசையாக வருவார்கள் என்று எதிர்பார்த்தால், அது பழைய திரைப்படத்தில்தான். நாங்கள் கேட்டது மோட்டார் சத்தம். இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, செடி வரிசையின் மேல் ஓர் அறுவடை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு நடக்கிறார்கள். பின்னால் ஒரு நீளப் பை பாம்பு போல உப்பிக்கொண்டே போகிறது. செங்குத்தான சரிவில் மட்டும் கைக்கத்தரி. இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலால் கிள்ளுவது இப்போது சுற்றுப்பயணிகள் படம் பிடிக்கத்தான்.

இளைப்பாற நின்ற ஓர் இளைஞரிடம் மலாயில் பேச்சுக் கொடுத்தோம். வங்காளதேசத்துக்காரர். நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் கூட இருக்கிறார்கள் என்றார். எங்களுக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்ததும் பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "கொழுந்து!" என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டோம். மேற்பார்வையாளர் ஒரு பெரியவர், போன ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டாராம். என் கணவர் அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

தொழிற்சாலையைக் கட்டாயம் பாருங்கள். வதக்குதல், உருட்டுதல், நொதிக்க விடுதல், உலர்த்துதல், சலித்தல் என்று வரிசையாக நடக்கிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சை இலை ஒரு கிலோ தூளாகச் சுருங்குகிறது. உருட்டும் இயந்திரம் அடிவயிற்றில் இடிப்பது போலச் சத்தம் போடும். நொதிக்கும் இலையின் வாசனை மட்டும் எந்தப் பொட்டலத்திலும் வராது. பச்சைப் புல்லும் பழுத்த ஆப்பிளும் கலந்தது போல இருக்கும். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது, கவனம்.

வெளியே சரிவைப் பார்த்தபடி ஒரு குவளை தேத்தண்ணி குடித்துவிட்டுப் பலரும் திரும்பிவிடுகிறார்கள். பிரிஞ்சாங்குக்கு அப்பால் சுங்கை பாலாஸிலும் அதே கதைதான். பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் அந்த அழகான மேடைக்குப் போகும் குறுகலான சாலையில், தொழிலாளர் குடியிருப்பையும் கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் கடந்துதான் எல்லாக் காரும் போகிறது. யாரும் நிற்பதில்லை. நிறுத்த இடமும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தோட்டம் என்று நம் பாட்டிகள் சொன்னது அந்த மேடையை இல்லையே, வரிசை வீடுகளையும் கோயிலையும் பள்ளியையும்தானே? தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்கவேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே சொன்னது. அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதற்குக் காரணம் தேடி மலையேற வேண்டாம். படித்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். நல்லதற்குத்தான் இறங்கினார்கள். என் கணவரின் பாட்டி இறங்காமல் இருந்திருந்தால் இவர் கணக்காய்வாளர் ஆகியிருப்பாரா தெரியாது.

மூன்றாம் நாள் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வரை சாலையோரமாக நடந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இந்த வழிதான் துரைமார்களின் கேமரன். கோல்ஃப் திடல் ஒரு பக்கம். அதன் எதிரே, 1937-இல் கட்டிய ஸ்மோக் ஹவுஸ், இங்கிலாந்துக் கிராமத்து வீட்டை அப்படியே தூக்கிவந்து வைத்தது போல, கறுப்புக் கட்டையும் வெள்ளைச் சுவருமாக நிற்கிறது. தோட்டம் அழகு, ஸ்கோன் விலை அழகில்லை. 1934-இல் சிங்கப்பூர் டாங்ளின் பள்ளி, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக இந்த மலையில் ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கியது. குளிரில் படித்தால் பிள்ளைகளின் உடம்பு தேறும் என்பது கணக்கு. அதே குளிரில் லயத்துப் பிள்ளைகளும்தான் படித்தார்கள்.

இந்தப் பக்கத்து மலை பங்களா ஒன்றிலிருந்துதான் தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26-ஆம் நாள் பிற்பகல் வெளியே போனார். திரும்பவே இல்லை. போலீஸ், இராணுவம், பூர்வகுடி வழிகாட்டிகள் என்று காட்டையே சலித்தார்கள். இன்றுவரை தடயமில்லை. புத்தகங்கள் எழுதிவிட்டார்கள், சுற்றுலா வழிகாட்டிகள் இன்னும் கண்ணை அகல விரித்துக்கொண்டு சொல்கிறார்கள். காணாமல் போன ஒருவரை உலகமே தேடியது. தவறில்லை. ஒரு தலைமுறையே பெயரில்லாமல் போன இடத்தில் நின்றுகொண்டு கேட்கும்போது அந்தக் கதை எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பட்டது.

பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி சுவாமி கோயிலில் உச்சிவேளைப் பூசை முடிந்திருந்தது. படியில் ஒரு மூதாட்டி, தோளில் கம்பளிச் சட்டை, கையில் பிரசாதப் பை, மகள் கார் எடுத்துவரக் காத்திருந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"கிள்ளான், பாட்டி. எங்க பாட்டி இங்க தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க."

"எந்தத் தோட்டம்?"

அங்கேதான் சிக்கல். இவர் குடும்பத்தில் சொல்லும் மூன்று பெயரையும் சொன்னார். மூதாட்டி மூன்றுக்கும் தலையாட்டினார். முப்பத்திரண்டு வருடம் பறித்தவர். வேலை முடிந்ததும் வீட்டையும் விட்டுவிட்டு மகளோடு வந்துவிட்டார். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை நின்றால் அதுவும் நிற்காது. இது இந்த மலையின் கதை மட்டுமில்லை, ரப்பரிலும் செம்பனையிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதை. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "கூலி பத்தல, குளிரு பத்திச்சு" என்று சிரித்தார்.

"எந்த மலையில பறிச்சாங்க உங்க பாட்டி?" என்று கேட்டார். எங்களுக்குக் கேள்வியே புரியவில்லை. கேமரன் மலைதானே?

அவர் விளக்கினார். கம்பெனிக்காரர்களுக்கு ஒவ்வொரு சரிவும் ஒரு நம்பர். ஆட்களுக்கு அப்படியில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். காலையில் பிரட்டுக்களத்தில் நிற்கும்போதே, இன்றைக்கு எங்கே என்று அந்தப் பெயரைத்தான் சொல்வார்களாம். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். கோயில்மேடு. சாமிக்கல். ஆத்தோரம். கிராணி பங்களாமேடு. பன்னிக்காடு. கொடிக்கம்பம். மொட்டைப்பாறை.

"மொட்டைப்பாறையா?" என்றார் என் கணவர். குரலே மாறிவிட்டது.

கிள்ளான் வீட்டில் பேரப்பிள்ளைகள் சாப்பிட அடம்பிடித்தால், "இரு, உன்னைக் கொண்டுபோய் மொட்டைப்பாறையில விட்டுட்டு வரேன்" என்பாராம் பாட்டி. இவர் பிறந்ததிலிருந்து அதைப் பூச்சாண்டி வீடு மாதிரி ஏதோ ஓர் இடம், பாட்டி இட்டுக்கட்டியது என்றே நினைத்திருக்கிறார். திருமணமான புதிதில் என்னிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"பனி இறங்கிச்சுன்னா பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாது. புதுசா பேரு போட்ட பிள்ளைங்க அழுவும்" என்றார் மூதாட்டி. "அது எங்க தோட்டம்தான். அப்ப உங்க பாட்டியும் அங்கதான்."

நான் கைப்பேசியை எடுத்து, பேசுவதைப் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். தொழில் புத்தி. "குரலு என்னத்துக்கும்மா, பேரை எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டேன். பதினான்கு பெயர். மகளுக்கு அதில் இரண்டுதான் தெரிந்திருந்தது. பேத்திக்கு ஒன்றும் தெரியாது. எந்த வரைபடத்திலும் தேடிப் பார்க்கலாம், ஒன்றுகூட இருக்காது. கேமரன் துரை குறிக்காமல் விட்ட இடத்தை நாற்பது வருடம் கழித்தாவது தேடி வந்தார்கள்.

அங்கே மட்டும் காரில்தான் போனோம், ஊர் திரும்பும் வழியில். மூதாட்டியின் மகள் சொன்ன அடையாளத்தில் சாலையோரம் நிறுத்தினோம். சரிவின் கீழ்ப்பாதி பிளாஸ்டிக் கூடாரமாகிவிட்டது. மேல்பாதியில் இன்னும் தேயிலை இருக்கிறது. அதன் உச்சியில், செடி முளைக்காத கறுப்புப் பாறை, இரண்டு லாரி அகலம். லயம் இருந்த இடத்தில் உரமூட்டைக் கொட்டகை. பனி இல்லை, நல்ல வெயில். இவர் படம் எடுத்துக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மொட்டைப்பாறை என்று மட்டும் எழுதினார்.

தாப்பா சாலையில் பாதி வளைவு இறங்கும்வரை கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. லாத்தா இஸ்கண்டாரில் நிறுத்தியபோது பதில்கள் வரிசையாக வந்து விழுந்தன. மாமாவிடமிருந்து ஒரே வரி: "இத்தனூண்டு பாறைக்கா நாங்க அவ்வளவு பயந்தோம்?" சின்ன அத்தை அதற்குக் கீழே எழுதியிருந்தார்: "அப்படின்னா கன்னிக்கிணறும் நிஜம்தான். அது எங்க இருக்குன்னு கேட்டீங்களா?"

பட்டியலைத் திறந்து பார்த்தோம். பன்னிரண்டாவது பெயர்.